அத்தியாயம் 7: கிளிக்குக்குப் பிறகு – லேண்டிங் பேஜைக் கட்டுவதும் சோதிப்பதும்

விளம்பரத்துக்குக் காசு கட்டி ஆளை வரவழைப்பது பாதி வேலை. வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார், பார்த்துவிட்டு என்ன செய்கிறார் என்பது மீதிப் பாதி. விளம்பரத்தைத் தொட்டவர் வந்து சேரும் அந்த ஒற்றைப் பக்கத்தைத்தான் லேண்டிங் பேஜ் என்கிறோம். அதை எப்படி அமைப்பது, இரண்டு வடிவங்களில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்துவிட்டதாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்ற மூன்றும் இந்த அத்தியாயத்தில் வருகின்றன.

ஒரு கணக்கோடு தொடங்குவோம். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேர டேலி–ஜிஎஸ்டி வகுப்பு நடத்தும் ஒரு பயிற்சி நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிக்குக்கு 12 ரூபாய் ஆகிறது. மாதம் 1,000 கிளிக், செலவு 12,000 ரூபாய். வந்த 1,000 பேரில் 50 பேர் தங்கள் எண்ணைக் கொடுத்து விவரம் கேட்கிறார்கள். அதாவது 5 சதவீதம். ஓர் என்கொயரிக்கு 240 ரூபாய். அந்த 50 பேரில் 10 பேர் சேர்கிறார்கள். ஓர் அட்மிஷனுக்கு 1,200 ரூபாய்.

விளம்பரச் செலவை ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல், பக்கத்தை மட்டும் சீர்செய்து 5 சதவீதத்தை 8 ஆக்கினால் என்ன ஆகும்? 80 என்கொயரி. ஒன்றின் விலை 150 ரூபாய். சேர்பவர்களின் விகிதம் மாறாமல் இருந்தால் 16 அட்மிஷன், ஒன்றுக்கு 750 ரூபாய். கிளிக்கின் விலையை ஏலம் தீர்மானிக்கிறது. போட்டியாளர் விலையை ஏற்றினால் நீங்களும் ஏற வேண்டியிருக்கும். பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். உழைப்பை அங்கே போடுவது லாபம்.

ஹோம் பேஜுக்கு அனுப்பாதீர்கள்

"மாலை 7 மணி டேலி வகுப்பு, 45 நாள்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வருகிறார். அவரை நிலையத்தின் ஹோம் பேஜில் இறக்கிவிட்டால் ஸ்போக்கன் இங்கிலீஷ், போட்டோஷாப், கோடை முகாம், நிறுவனரின் வாழ்த்துரை எல்லாம் கண்ணில் படும். அவர் தேடி வந்த டேலி வகுப்பு மெனுவுக்குள் மெனுவாக எங்கோ இருக்கும். தேடிக் கண்டுபிடிக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

விளம்பரம் கொடுத்த வாக்கைப் பக்கத்தின் முதல் வரி காப்பாற்ற வேண்டும். விளம்பரத்தில் "மாலை 7 மணி" என்றால் பக்கத்தின் தலைப்பிலும் "மாலை 7 மணி" இருக்க வேண்டும். இது வந்தவரின் மன நிம்மதிக்காக மட்டும் சொல்வது இல்லை. கூகுள் விளம்பரங்களில் ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் 1 முதல் 10 வரை தரும் தர மதிப்பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது மூன்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது: கிளிக் கிடைக்கும் வாய்ப்பு, தேடியதற்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், லேண்டிங் பேஜ் தரும் அனுபவம். பக்கம் பொருந்தாமல் போனால் அதன் பாரம் கிளிக்கின் விலையிலும் ஏறக்கூடும்.

ஆக, ஒரு வாக்குக்கு ஒரு பக்கம். மாலை வகுப்புக்கு ஒன்று, கல்லூரி மாணவர்களின் விடுமுறை வகுப்புக்கு இன்னொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் வந்தவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. "எண்ணைக் கொடுங்கள்" என்பது அந்த வேலை என்றால், அதே பக்கத்தில் யூடியூப் சேனலுக்குச் சந்தா கேட்பதும் இன்ஸ்டாகிராமுக்கு வழிகாட்டுவதும் நீங்கள் காசு கொடுத்து அழைத்து வந்தவரை வேறு வாசல் வழியாக வெளியே அனுப்புவதுதான்.

பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

ஸ்க்ரோல் செய்யாமல் கண்ணில் படும் முதல் திரையில் நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைக்க வேண்டும்: இது என்ன? எனக்கானதா? எவ்வளவு ஆகும்? அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்? கட்டணத்தை மறைத்தால் நிறையப் பேர் போன் செய்வார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செய்வார்கள்தான். அவர்களில் எத்தனை பேர் சேர்வார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதற்குக் கீழே, சேரத் தயங்குகிறவர் கேட்கும் கேள்விகள். வகுப்பைத் தவறவிட்டால் என்ன செய்வது? சான்றிதழ் யார் தருவது? தவணையில் கட்டலாமா? இவற்றை உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் போன் எடுக்கிறவரிடம் ஒரு வாரம் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற கேள்விகளை எல்லாம் அழைப்பவர் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். அடிக்கடி வரும் ஏழெட்டுக் கேள்விகள்தான் உங்கள் பக்கத்தின் நடுப்பகுதி.

ஃபார்மில் ஒவ்வொரு கட்டமும் ஒரு தடை. பெயரும் போன் எண்ணும் போதும் என்றால் மின்னஞ்சல், முகவரி, பிறந்த தேதி எதற்கு? பட்டனில் "சமர்ப்பி" என்று எழுதாதீர்கள். அழுத்தினால் என்ன கிடைக்கும் என்பதை எழுதுங்கள்: "வகுப்பு நேரமும் கட்டணமும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்பதுபோல.

தமிழில் பக்கம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கணினித் திரையில் ஒரே வரியில் அழகாக நிற்கும் தலைப்பு, போனில் நான்கு வரியாக உடைந்து பட்டனைத் திரைக்குக் கீழே தள்ளிவிடும். தலைப்பைப் போனில் பார்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டு, அச்சு நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றிவிடும் வழக்கம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சின்னத் திரையில் படிக்க முடியாது, பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடராலும் சரியாகப் படிக்க முடியாது, பக்கமும் கனத்துப்போகும்.

கனத்தைப் பற்றிச் சொன்னால் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறக்க 3 விநாடிக்கு மேல் எடுத்தால் மொபைலில் வருகிறவர்களில் 53 சதவீதம் பேர் விலகிவிடுகிறார்கள் என்று கூகுள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இன்று அது வைக்கும் அளவுகோல்கள் தெளிவானவை: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் பதில் தர வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே பட்டனும் எழுத்தும் இடம் மாறிக் குதிக்கக் கூடாது. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் பக்கம் எங்கே பின்தங்குகிறது என்று சொல்லிவிடும். பெரிய படங்களைச் சுருக்குவதும் தேவையற்ற ஸ்லைடரை எடுப்பதும் பல பக்கங்களுக்குப் பெரிய மாற்றத்தைத் தரும். இதற்கெல்லாம் சோதனை தேவையில்லை. உடைந்திருப்பதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு சோதனைக்கு வாருங்கள்.

முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கலை இணையத்தோடு பிறந்தது கிடையாது. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் 1923இல் 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற சிறு நூலை வெளியிட்டார். விளம்பரத்தில் ஒரு கூப்பன் இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வெவ்வேறு குறியீடு. தபாலில் திரும்பி வரும் கூப்பன்களைக் குறியீடுவாரியாக எண்ணினால் எந்தத் தலைப்பு எத்தனை பேரை எழுதவைத்தது, ஒரு பதிலுக்கு எவ்வளவு செலவானது என்பது தெரிந்துவிடும். வாதாடித் தீர்க்க முடியாததை எண்ணித் தீர்க்கலாம் என்பது அவருடைய கட்சி.

அதே குறியீட்டை நீங்கள் மூன்று இடங்களில் வைக்க வேண்டும்.

முதலாவது, விளம்பரத்தின் லிங்க். அதன் வாலில் யூடிஎம் குறிகளைச் சேர்த்தால் வந்தவர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்பதைக் கூகுள் அனலிட்டிக்ஸ் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது, ஃபார்மை நிரப்பியதும் வரும் 'நன்றி' பக்கம். அதைத்தான் கன்வெர்ஷனாக எண்ண வேண்டும். பட்டனைத் தொட்டதை எண்ணக் கூடாது. பிழை வந்து ஒருவர் மூன்று முறை பட்டனைத் தொட்டாலும் மூன்றாகக் கணக்கில் ஏறிவிடும். நன்றிப் பக்கத்தை ஒருவர் மறுபடி திறந்தாலும் ஒருமுறை மட்டுமே எண்ணும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் ஊரில் பலரும் கோட்டை விடும் இடம்: வாட்ஸ்அப்பும் போனும். ஃபார்மை விட்டுவிட்டு நேரே வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள் நிறையப் பேர். கிளிக் செய்தால் செய்தி தானாக நிரம்பி நிற்கும்படி வாட்ஸ்அப் லிங்க் அமைக்கலாம். ஒரு பக்கத்தில் "மாலை டேலி வகுப்பு விவரம் வேண்டும் – ம1" என்றும், இன்னொன்றில் "ம2" என்றும் நிரப்பிவையுங்கள். ஹாப்கின்ஸின் கூப்பன் குறியீடு அன்று செய்த வேலையை இன்று அந்த 'ம1' செய்துவிடும். போனுக்கு இரண்டு சிம்; பக்கத்துக்கு ஓர் எண்.

ஏ/பி டெஸ்ட்: ஒரே நேரம், குலுக்கிய கூட்டம்

ஏ/பி டெஸ்ட் என்பது இவ்வளவுதான். ஒரே பக்கத்துக்கு இரண்டு வடிவங்கள். வருகிறவர்களைக் கணினி குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றொன்றையும் காட்டும். ஒருவர் மறுபடி வந்தால் முதலில் பார்த்ததே தெரியும். முன்கூட்டியே தீர்மானித்த எண்ணிக்கை வந்ததும் எண்ணிப் பார்ப்பது.

"போன மாதம் பழைய பக்கம், இந்த மாதம் புதிய பக்கம், 30 சதவீதம் கூடியிருக்கிறது" என்பது சோதனை ஆகாது. போன மாதம் பிளஸ் டூ தேர்வு நடந்திருக்கலாம். இந்த மாதம் முடிவு வந்து வீட்டுக்கு வீடு கோர்ஸ் தேடிக்கொண்டிருக்கலாம். சம்பள வாரம், தீபாவளி, மழை, போட்டியாளரின் தள்ளுபடி என்று எல்லாம் கூட்டத்தின் குணத்தை மாற்றும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடினால் இவை இரண்டையும் ஒரே அளவில் பாதிக்கும். குலுக்கலின் பயன் அதுதான்.

இதற்கு நன்றாகப் பதிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் அதிபர் தேர்தல் பிரசாரக் குழு, ஆதரவாளர்களின் மின்னஞ்சலைக் கேட்கும் தன் நுழைவுப் பக்கத்தைச் சோதித்தது. கூகுளிலிருந்து வந்திருந்த டான் சிரோக்கர் அதை நடத்தினார். பட்டனுக்கு நான்கு வாசகங்கள். மேலே வைக்க மூன்று படங்களும் மூன்று வீடியோக்களும். மொத்தம் 24 சேர்க்கைகள். 3,10,382 பேர் வந்தார்கள். ஒவ்வொரு சேர்க்கையையும் ஏறத்தாழ 13,000 பேர் பார்த்தார்கள்.

குழுவில் இருந்தவர்களுக்கு ஒரு வீடியோ மிகவும் பிடித்திருந்தது. சோதனை இல்லாமல் இருந்திருந்தால் அதையே போட்டிருப்பார்கள். முடிவில் எந்த வீடியோவாலும் எந்தப் படத்தையும் முந்த முடியவில்லை. ஒபாமாவின் குடும்பப் படமும் "லேர்ன் மோர்" என்ற பட்டனும் சேர்ந்த வடிவம் வென்றது. பழைய பக்கத்தில் 100க்கு 8.26 பேர் பதிந்தார்கள்; வென்ற பக்கத்தில் 11.6 பேர். 40.6 சதவீத உயர்வு. பிரசாரம் முழுவதும் சுமார் ஒரு கோடிப் பேர் அந்த வழியாகப் பதிந்தார்கள். பக்கத்தை மாற்றாமல் விட்டிருந்தால் ஏறத்தாழ 28.8 லட்சம் முகவரிகள் குறைந்திருக்கும் என்பது சிரோக்கரின் கணக்கு. ஒரு முகவரி சராசரியாக 21 டாலர் நன்கொடை தந்ததை வைத்து, மாற்றத்தின் பலன் 6 கோடி டாலர் என்று அவர் மதிப்பிட்டார். கூடுதலாக வந்தவர்களும் மற்றவர்கள் அளவுக்கே கொடுத்தார்கள் என்ற அனுமானத்தில் நிற்கும் மதிப்பீடு அது. பதிவு கூடியது அளந்து பார்த்த உண்மை. 6 கோடி டாலர் என்பது கணித்த தொகை. உங்கள் சோதனையிலும் இந்த இரண்டையும் தனித்தனியே எழுதிவையுங்கள்.

இந்தக் கதையைக் கேட்டதும் பலர் "நாமும் பட்டனில் 'மேலும் அறிய' என்று போடலாம்" என்று முடிவுக்கு வருகிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அது கிடையாது. அந்தப் பக்கத்துக்கு, அந்தக் கூட்டத்துக்கு அந்த வாசகம் பலித்தது. நம் கவனம் போக வேண்டியது 3,10,382 என்ற எண்ணின் மேல்.

எத்தனை பேர் வர வேண்டும்?

பயிற்சி நிலையத்தின் 5 சதவீதப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 100 பேருக்குக் காட்டினால் சரியாக 5 பேர் எண் கொடுப்பார்களா? மாட்டார்கள். எந்த மாற்றமும் செய்யாமலே ஒரு நூறில் 2 பேரும் அடுத்த நூறில் 9 பேரும் கொடுக்கலாம். தற்செயலின் ஆட்டம் அவ்வளவு பெரியது. ஆகவே "பழையதில் 100க்கு 5, புதியதில் 100க்கு 9" என்று குதிப்பதில் பொருள் இல்லை.

தேவையான கூட்டத்தைக் கணக்கிட ஒரு குறுக்கு வழி உண்டு. இப்போதைய விகிதம், எதிர்பார்க்கும் விகிதம் இரண்டின் சராசரியைத் தசமத்தில் எழுதுங்கள். 5க்கும் 8க்கும் சராசரி 0.065. அதை, 1இலிருந்து அதைக் கழித்து வருவதால் (0.935) பெருக்குங்கள்: 0.0608. அதை 16ஆல் பெருக்கினால் 0.972. இனி, இரண்டு விகிதங்களின் வித்தியாசம் 0.03, அதன் வர்க்கம் 0.0009. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1,080. ஒவ்வொரு வடிவத்துக்கும் அத்தனை பேர் வேண்டும். வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் ஐந்தில் நான்கு முறை கண்டுபிடிக்கவும், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக நம்பும் தவறை இருபதில் ஒன்றுக்குள் நிறுத்தவும் இந்த எண்ணிக்கை போதும்.

மாதம் 1,000 கிளிக், கிளிக்குக்கு 12 ரூபாய் என்ற நம் நிலையத்துக்கு இது எப்படி வருகிறது என்று பாருங்கள்:

– 5 சதவீதம் 6 ஆகிறதா என்று அறிய: வடிவத்துக்குச் சுமார் 8,300 பேர், மொத்தம் 16,600 கிளிக், ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய், 16 மாதத்துக்கு மேல்.
– 5 சதவீதம் 8 ஆகிறதா என்று அறிய: வடிவத்துக்குச் சுமார் 1,080 பேர், மொத்தம் 2,160 கிளிக், ஏறக்குறைய 26,000 ரூபாய், இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்.
– 5 சதவீதம் 10 ஆகிறதா என்று அறிய: வடிவத்துக்குச் சுமார் 440 பேர், மொத்தம் 900க்குள், ஏறக்குறைய 10,600 ரூபாய், ஒரு மாதத்துக்குள்.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்த மூன்று வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் பச்சையா ஆரஞ்சா என்ற கேள்வி, கோடிக்கணக்கானவர்கள் வந்துபோகும் நிறுவனங்களுக்கு உரியது. அங்கே அரை சதவீத உயர்வையும் சில நாட்களில் கண்டுபிடிக்கலாம், அந்த அரை சதவீதமும் பெரும் பணம். மாதம் ஆயிரம் பேர் வரும் பக்கத்தில் சின்ன மாற்றத்தைச் சோதிப்பது காசைக் கரைத்துவிட்டுத் தற்செயலைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவதில்தான் முடியும். கூட்டம் சிறியது என்றால் கேள்வி பெரியதாக இருக்க வேண்டும்.

பெரிய கேள்விகள் எவை?

கட்டணத்தை முதல் திரையில் காட்டுவதா, பேசும்போது சொல்வதா? பக்கம் தமிழிலா, ஆங்கிலத்திலா? ஃபார்மா, நேரே வாட்ஸ்அப்பா? "45 நாளில் டேலி" என்று பாடத்தை முன்வைப்பதா, "கடைக் கணக்கை நீங்களே போடலாம்" என்று பயனை முன்வைப்பதா? இலவச முதல் வகுப்பா, 500 ரூபாய் தள்ளுபடியா? இவை ஒவ்வொன்றும் வந்தவரின் மனக்கணக்கையே மாற்றக்கூடியவை.

பெரிய மாற்றம் என்றால் பெரிய வேலை என்று அர்த்தம் இல்லை. ஜாரெட் ஸ்பூல் என்ற பயன்பாட்டு வல்லுநர் பதிவுசெய்த ஒரு நிகழ்வு இந்தத் துறையில் பிரபலம். ஓர் அமெரிக்க ஆன்லைன் கடையில், பொருளைக் கூடையில் போட்டவர் பணம் கட்டும் முன் கணக்கு தொடங்க வேண்டியிருந்தது. "ரெஜிஸ்டர்" பட்டனை எடுத்துவிட்டு "கன்டின்யூ" என்று வைத்து, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்குகிறவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர். பட்டனில் ஒரு சொல் மாறியது வெளியே தெரிந்தது. உண்மையில் நீங்கியது, வாங்க வந்தவரை மறித்து நின்ற ஒரு கட்டாயம்.

நல்ல யோசனை என்று நமக்குத் தோன்றுவது எல்லாம் பலிக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சோதனைப் பிரிவை நடத்திய ரான் கொஹாவி, அங்கே சோதிக்கப்பட்ட யோசனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் பலன் தந்தது, மூன்றில் ஒன்று எதையும் மாற்றவில்லை, மூன்றில் ஒன்று கெடுதலே செய்தது என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த குழுக்களின் கதையே இது. அதே நிறுவனத்தின் பிங் தேடுபொறியில், விளம்பரத் தலைப்பை நீட்டிக் காட்டும் ஒரு சாதாரண யோசனையை மாதக்கணக்கில் யாரும் பொருட்படுத்தவில்லை. 2012இல் சோதித்தபோது வருவாய் 12 சதவீதம் கூடியது. எது பலிக்கும் என்பதை முன்கூட்டி ஊகிப்பதில் மேலாளரும் மற்றவர்களும் ஒன்றுதான்.

பொய் வெற்றி வரும் வழிகள்

தினம் எட்டிப்பார்த்து, ஜெயிக்கும் நாளில் நிறுத்துவது. இதுதான் பரவலான தவறு. எண்கள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். உச்சத்தில் நிற்கும் நாளில் நிறுத்தினால் இல்லாத வித்தியாசமும் இருப்பதாகத் தெரியும். முடியும் எண்ணிக்கையைத் தொடங்கும் முன் எழுதிவைத்துவிட்டு அதுவரை கை வைக்காதீர்கள். பக்கம் உடைந்துவிட்டதா என்று பார்க்கத் திறப்பதில் தவறில்லை. வெற்றியை அறிவிக்கத் திறக்காதீர்கள்.

அரை வாரத்தில் முடிப்பது. ஞாயிறு வருகிறவரும் செவ்வாய் வருகிறவரும் ஒரே மாதிரி கிடையாது. எண்ணிக்கை சீக்கிரம் நிரம்பினாலும் முழு வாரங்களாக, குறைந்தது இரண்டு வாரம் ஓட்டுங்கள்.

இரண்டு விளம்பரங்களை ஒரே தொகுப்பில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்துக்கு அனுப்பிவிட்டு அதைச் சோதனை என்று நினைப்பது. மெட்டாவும் கூகுளும் கூட்டத்தைச் சமமாகப் பிரிக்காது. முந்துவதாகத் தெரியும் விளம்பரத்துக்கு அதிகமாகவும், வேறு மாதிரியான ஆட்களுக்கும் காட்டத் தொடங்கிவிடும். இரண்டிலும் சோதனைக்கென்றே தனி வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இலவசமாக இருந்த கூகுள் ஆப்டிமைஸ் 2023 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. இன்னும் சில பழைய வழிகாட்டிகள் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இந்திய நிறுவனமான விங்கிஃபையின் விடபிள்யூஓ போன்ற கருவிகள் இந்த வேலையைச் செய்யும்.

பிரிவு சமமாக இல்லாததைக் கவனிக்காமல் விடுவது. பாதிக்குப் பாதி பிரித்த சோதனையில் ஒரு பக்கத்தில் 1,200, மற்றதில் 960 என்று வந்தால் எண்களைப் படிக்காதீர்கள், ஏதோ உடைந்திருக்கிறது. ஒரு வடிவம் சில போன்களில் திறக்காமல் போயிருக்கலாம். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் உலாவியிலும், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் இரண்டு வடிவங்களையும் நீங்களே ஒருமுறை முழுதாக நிரப்பிப் பாருங்கள். ஊழியர்களின் வருகையைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

என்கொயரியை எண்ணிவிட்டு அட்மிஷனை மறப்பது. கட்டணம் காட்டிய பக்கம், மறைத்த பக்கம் இரண்டையும் ஓட்டினீர்கள் என்று வைப்போம். வடிவத்துக்கு 1,080 பேர். காட்டியதில் 54 என்கொயரி, 14 அட்மிஷன். மறைத்ததில் 86 என்கொயரி, 11 அட்மிஷன். என்கொயரியை மட்டும் பார்த்தால் மறைத்த பக்கம் அமோக வெற்றி. 14க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். அதை வைத்து எதையும் அறுதியிட முடியாது. ஆனால் 32 பேரிடம் கூடுதலாகப் பேசியும் சேர்க்கை கூடவில்லை என்பது கண்கூடு. போன் எடுக்கிறவரின் நேரத்துக்கும் விலை உண்டு. ம1, ம2 என்ற குறியீடு அட்மிஷன் ரெஜிஸ்டர் வரை போக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

கூட்டமே இல்லை என்றால்

மாதம் 200 பேர்தான் வருகிறார்கள் என்றால் ஏ/பி டெஸ்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே ஒரு பக்கத்தின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000இல் எழுதினார். உங்கள் வாடிக்கையாளரைப் போன்ற, உங்களுக்குப் பழக்கமில்லாத ஐந்து பேரிடம் ஒவ்வொருவராகப் போனைக் கொடுங்கள். ஐந்து விநாடி பார்த்ததும் வாங்கிக்கொண்டு, "இவங்க என்ன விக்கிறாங்க?" என்று கேளுங்கள். பிறகு திருப்பிக் கொடுத்து, "இதில் சேரணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தடுமாறும்போது கை நீட்டிக் காட்டாமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை. எங்கே நின்றார், எதைத் தேடினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற இலவசக் கருவி, வருகிறவர்கள் எதுவரை ஸ்க்ரோல் செய்தார்கள், எதைத் தொட்டார்கள் என்பதைப் பதிவுசெய்து காட்டும். எங்கே சிக்கல் என்பது இவற்றில் தெரியும்; எவ்வளவு பலன் கிடைக்கும் என்பது தெரியாது. சிறிய பக்கத்துக்கு இப்போதைக்கு முதலாவது போதும்.

செய்யக் கூடாதவை

"இன்னும் 2 இடம்தான்" என்று பொய்யாக எழுதினால் சோதனையில் ஜெயிக்கக்கூடும். ஜெயித்தாலும் அது சட்ட மீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன: பொய் அவசரம், கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, கடைசித் திரையில் விலையை ஏற்றுவது, வேண்டாம் என்பவரைக் கூச்சப்பட வைக்கும் வாசகம் எல்லாம் அதில் அடக்கம். பயிற்சி நிலையங்களுக்கு 2024 நவம்பரில் தனி நெறிகளும் வந்துள்ளன. வெற்றி பெற்ற மாணவரின் பெயரையோ படத்தையோ போட, அவர் வென்ற பிறகு எழுத்தில் தரும் சம்மதம் வேண்டும். எண் வாங்கினால் அதை எதற்கு வாங்குகிறீர்கள் என்று ஃபார்மின் அடியிலேயே எழுதுங்கள்; 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் திசையில்தான் நிற்கிறது.

தேடுபொறி பக்கம் ஒரு குறிப்பு. சோதனைக்காக வேறு முகவரிக்குத் திருப்பினால் தற்காலிகத் திருப்பம் என்று பொருள்படும் 302ஐப் பயன்படுத்தச் சொல்லுங்கள், 301 வேண்டாம். இரண்டாம் வடிவத்தில் மூலப் பக்கத்தைச் சுட்டும் கேனானிகல் குறிப்பு இருக்கட்டும்.

இந்த மாத வேலை

1. அதிகம் செலவாகும் ஒரு விளம்பரத்தை எடுங்கள். அதன் வாக்கும் பக்கத்தின் முதல் வரியும் ஒன்றா என்று பாருங்கள்.
2. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் சோதித்து, கனத்தைக் குறையுங்கள்.
3. நன்றிப் பக்கம், வாட்ஸ்அப் குறியீடு, தனிப் போன் எண் மூன்றையும் அமைத்து, குறியீட்டை ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள்.
4. ஐந்து பேரிடம் பக்கத்தைக் காட்டிக் குறையைத் திருத்துங்கள்.
5. மேலே சொன்ன கணக்கைப் போட்டு, உங்கள் கூட்டத்துக்கு இரண்டு மாதத்துக்குள் விடை தரக்கூடிய ஒரே ஒரு பெரிய கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்.
6. ஒரு நோட்டில் ஆறு வரி எழுதுங்கள்: என்ன மாற்றம், ஏன் பலிக்கும் என்று நினைக்கிறேன், எதை எண்ணுவேன், வடிவத்துக்கு எத்தனை பேர், எந்தத் தேதிக்கு முன் நிறுத்த மாட்டேன், முடிவு. கடைசி வரியைத் தவிர மற்ற ஐந்தும் தொடங்கும் முன்பே எழுதப்பட வேண்டும்.

பல சோதனைகள் "வித்தியாசம் தெரியவில்லை" என்றுதான் முடியும். அது வீண் வேலை கிடையாது. நீங்கள் அலுவலகத்தில் மாதக்கணக்கில் வாதாடிய விஷயம் வாடிக்கையாளருக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை அறிந்துகொண்டீர்கள். பராமரிக்க எளிதான வடிவத்தை வைத்துக்கொண்டு, நோட்டில் தேதியைப் போட்டுவிட்டு, முந்தையதைவிடப் பெரிய கேள்வியை அடுத்த சோதனைக்கு எடுங்கள்.